நான்காவது மக்ரூன் பெட்டி

ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கன்டெய்னர் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். கைப்பேசியில் அவள் கணவர் ஜெரோம் அண்ணனின் பெயர் வந்தது. "கிரேஸ், அவ போயிட்டாம்மா" என்றார். இருபத்தெட்டு வருடம் கப்பலில் வேலை பார்த்த மனிதர், எந்தச் செய்தியையும் நீட்டிச் சொல்லமாட்டார். "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீதி நான்கு இலக்கங்களையும் படித்து முடித்தேன். பாதியில் நிறுத்தியிருந்தால் ஸ்டெல்லா திட்டியிருப்பாள். அதற்குப் பிறகுதான் எழுந்து போய்க் கழிவறையில் நின்று அழுதேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள். அதில் அவளைப் பற்றி எழுதித் தரும்படி ஜெரோம் அண்ணன் கேட்டார். நல்லவள், உதவும் குணமுள்ளவள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "கூடப்பொறந்தவங்ககிட்டகூடச் சொல்லாம மறைச்சிட்டாளே. என்ன வைராக்கியம் பாத்தியளா" என்றார் ஒருவர். அது தப்பு. அவள் சொல்லத்தான் வந்தாள். வீடு வீடாகத் தேடி வந்தாள். அந்த இரண்டு நாளும் காரை ஓட்டியவள் நான். ஜெரோம் அண்ணனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

துறைமுகச் சாலையில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் மேஜை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கன்டெய்னர் எண்ணில் எட்டை மூன்று என்று தட்டிவிட்டேன். நிலாவாரை இலை ஏற்றிய பெட்டி துறைமுக வாசலில் மூன்று நாள் வெயிலில் நின்றது. முதலாளி கத்திவிட்டுப் போனதும் ஸ்டெல்லா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கண்ணால பாத்தா எட்டும் மூணும் ஒண்ணுதான்ளா. வாயத் தொறந்து சொல்லு. தப்பு தானா வெளிய வரும்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் எல்லோரும் எண்களை வாய்விட்டுத்தான் படிப்போம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஜெபம் நடக்கிறது என்று நினைத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றி நிற்பார்கள்.

அலுவலகத்தில் ஒருமுறை இரத்த தான முகாம் வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்குமே ஓ பாசிட்டிவ் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "நாசரேத்துச் சபைக்காரிக்கும் தூத்துக்குடி மாதா கோயில்காரிக்கும் ஒரே ரத்தமாம்ளா. உங்க ஐயருகிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். அந்த வேடிக்கையை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு இதே விஷயம் என்னைத் துரத்தும் என்று அப்போது எங்கே தெரிந்தது.

சர்க்கரை நோய் அவளுக்கு முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. ஐம்பது வயதில் இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்தின. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். "தொட்டுப் பாரு, பூனை உறுமுத மாதிரி இருக்கும்" என்று என் விரலைப் பிடித்து அதன்மேல் வைப்பாள். உண்மையிலேயே உறுமியது. அந்தத் தையல் தெரியாதிருக்க, முழங்கைக்குக் கீழே இறங்கும் ரவிக்கைகள் தைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "ஸ்டெல்லாவுக்குச் சுகர், கொஞ்சம் மெலிஞ்சிட்டா" என்பது மட்டுமே.

ஒன்றரை வருடம் போனதும் டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். நானும் உடன் இருந்தேன். ஊசி போடும் குழாய் கெட்டுக்கொண்டு வருகிறது, இதயமும் தளர்கிறது, மாற்றுச் சிறுநீரகம் பொருத்த இன்னும் சில மாதங்கள்தான் கையில் இருக்கின்றன என்றார். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான வரிசையில் பெயர் இருந்தது. வரிசை நகரவில்லை. ஜெரோம் அண்ணனின் இரத்தம் பொருந்தாது. ஒரே மகள் மெர்சிக்கு அப்பாவின் வகை. "கூடப்பிறந்தவர்களிடம் கேளுங்கள். முடியாவிட்டால் நெருங்கிப் பழகியவர்களும் கொடுக்கலாம். அரசுக் குழு விசாரித்துவிட்டு அனுமதி கொடுக்கும்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அந்த இரண்டாவது வாக்கியம் அந்த அறையில் யாரைப் பற்றியது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க முடிந்தது என்பதுதான் சரி.

போனில் கேட்கிற காரியமா இது? கணவனும் மனைவியுமாக நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார்கள். கீழவைப்பாரில் அவள் அண்ணன், ஓட்டப்பிடாரத்தில் கல்லூரித் தோழி, குலசேகரன்பட்டினத்தில் தங்கை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொஞ்சம் தெம்பாக இருப்பாள். பஸ்ஸில் அவளால் முடியாது. என்னிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. "கப்பல்லயே உலகத்தச் சுத்தினவருக்குக் கார் ஓட்டத் தெரியல பாரு" என்று கணவரைக் கேலி செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை போய் நின்றால், நீலப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நிற்கிறாள். ஜெரோம் அண்ணன் வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி. "என்ன ஸ்டெல்லா, யார் வீட்டுக் கல்யாணம்?" என்றேன். "நோயாளியா போய் நின்னா பயந்துருவாங்கள்ளா. தெம்பா இருக்கா, குடுத்தா பொழச்சிக்கிடுவான்னு அவங்களுக்குத் தோணணும்லா" என்றாள். கையில் நான்கு மக்ரூன் பெட்டிகள். மூன்று வீட்டுக்கு எதற்கு நான்கு என்று கேட்டேன். "ஒண்ணு கூட இருக்கட்டும்" என்று பின் இருக்கையில் வைத்தாள்.

காரில் ஏறியதும் எனக்கு ஒரு கட்டளை. "நீ எங்கயும் வாயத் தொறக்கக் கூடாது." "ஊருக்கெல்லாம் வாயத் தொறன்னு சொல்லுவ, எனக்கு மட்டும் பூட்டா?" என்றேன். "இது எங்க வீட்டு நம்பருளா. நாங்கதான் படிக்கணும்." வழியெல்லாம் ஜெரோம் அண்ணன் ஒத்திகை பார்த்தார். "மச்சான், ஸ்டெல்லாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. உங்களால முடிஞ்சா..." அதற்கு மேல் வாய் வரவில்லை. உப்பளங்கள் முடிகிற வரைக்கும் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கப்பலில் கேப்டன் முன்னால் போகும்போது வந்த பழக்கம் அது.

அவள் அண்ணன் சேவியருடன் இவர்களுக்கு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் மகள் திருமணப் பந்தியில் ஜெரோம் அண்ணனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று தொடங்கிய மனத்தாங்கல். இப்போது தங்கை பட்டுடுத்தி, கணவனோடு ஜோடியாக, கையில் இனிப்புப் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். கல்யாண வயதில் மகளை வைத்திருக்கிறவர்கள் இப்படி வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. இது எங்கள் மூன்று பேர் மூளைக்கும் எட்டவில்லை. இன்றைக்கும் நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"எளா, வந்துட்டியா! மருமவளுக்கு முடிஞ்சிட்டா? தாய்மாமன் வீட்டுக்குத்தான மொத அழைப்பு கொண்டாந்திருக்கிய?" என்று சேவியரண்ணன் ஓடி வந்தார். "இல்ல மச்சான், நாங்க வந்தது என்னன்னா..." என்று ஜெரோம் அண்ணன் தொடங்கினார். அதற்குள் அவர் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "ஆறு வருசம் மச்சான். எம் பொணத்துக்குத்தான் வருவியன்னு நெனச்சிட்டு இருந்தேன். மறக்காம மொதல்ல இங்கன வந்தியளே." ஜெரோம் அண்ணன் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையை அசைத்தாள். "தேதி இன்னும் முடிவாவலண்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் பேச முடியும்? சேவியரண்ணன் தாய்மாமன் சீர் என்னென்ன என்று விரல் விட்டு அடுக்கினார். அவர் மனைவி விளமீன் குழம்பு வைத்தார். குடிக்கச் சொல்லிக் கலர் வந்தது, மோர் வந்தது, காப்பி வந்தது. ஸ்டெல்லாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. "மைனி, நல்லாருக்கு" என்று உதட்டில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் கணவனின் டம்ளரில் ஊற்றினாள். அவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டு வழியில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏன்ளா தடுத்த?" என்று அவர் காரில் கேட்டார். "அண்ணன் அழுதுச்சே, பாக்கலியா? அழுதவங்ககிட்ட எப்படிக் கேக்க?" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடப்பிறந்தவளின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா, அந்த ரவிக்கைக் கை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்கத் தோன்றாதா என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

ஓட்டப்பிடாரத்துத் தோழி வடிவு போனில் பேசும்போதெல்லாம் "உனக்காக உயிரையே குடுப்பேன்" என்று சொல்கிறவள். பேச்சுக்குச் சொல்வதுதான், நாமெல்லோரும் சொல்வதுதான். பெட்டியைப் பார்த்ததும் அவளும் "கல்யாணமா?" என்றாள். இந்த முறை ஸ்டெல்லா "இல்லளா" என்று உடனே சொல்லிவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வடிவு, "நீ வந்தது நல்லதாப் போச்சு" என்று உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினாள். இரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு, நெஞ்சு படபடப்புக்கு என்று கலர் கலராக மாத்திரைகள். ஒரு மணி நேரம் ஸ்டெல்லா அவற்றைப் பிரித்து, காலை இது, இரவு இது என்று தாள் வெட்டி எழுதி ஒட்டிக் கொடுத்தாள். ஜெரோம் அண்ணன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

தூத்துக்குடிக்குத் திரும்பும்போது கோயம்புத்தூரிலிருந்து மெர்சி போன் செய்தாள். "எம்மா, எனக்குக் கல்யாணமாமே? மாமா சொல்லுதாரு. மாப்பிள்ளை யாருன்னாவது எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து ஸ்டெல்லாவுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதையும் பாக்காமப் போயிருவேன் போல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் குலசேகரன்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். தங்கை ரோஸிதான் கடைசி நம்பிக்கை. ஸ்டெல்லாவைவிட எட்டு வயது இளையவள், திடமான உடம்பு. அண்ணன் வழியாகக் கல்யாணச் செய்தி அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. பதநீரை நீட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். ஸ்டெல்லா அவளைத் தனியாக உள் அறைக்குக் கூட்டிப் போனாள். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது. "ரோஸி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்ளா. கேக்கவே கூச்சமா இருக்கு." "எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ரோஸி.

ரோஸி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர்கள் அம்மாவின் சங்கிலி அது. அம்மாவிடமிருந்து மிஞ்சியிருந்த ஒரே பொருள். "மெர்சி கழுத்துலதான் இது கெடக்கணும். நீ வாயத் தொறந்து கேக்கணுமாக்கா? நானே கொண்டாந்து போடணும்னு இருந்தேன்." ஸ்டெல்லா சங்கிலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தங்கையைத் திருப்பி நிறுத்தி, அதை அவள் கழுத்திலேயே மாட்டி, கொக்கியைப் பல்லால் கடித்து இறுக்கினாள். "கல்யாணத்தன்னைக்கு வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் நீ போட்டிரு" என்றாள். இருப்பதிலேயே பெரியதைத் தங்கை கொடுத்தாயிற்று. அதற்கு மேல் எதைக் கேட்பாள்?

திரும்பும் வழியெல்லாம் நான்தான் பொரிந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் ஸ்டெல்லா, "உன் வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஆட்டோவுல போயிருதோம். அரை டம்ளர் மிச்சம் வச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவு தாகத்தோடு, அன்றைய தண்ணீர் அளவில் அந்த அரை டம்ளரை என் வீட்டுக்காக வைத்திருந்தாள். சாயங்காலம் நான்கு மணி. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஜெரோம் அண்ணன் வாசல்படியில் நின்று கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதினால் பொய். எல்லாம் புரிந்தது. நான்காவது பெட்டி புரிந்தது. டாக்டரின் இரண்டாவது வாக்கியம் புரிந்தது. ஓ பாசிட்டிவ் ஞாபகம் வந்தது. கணவர் இல்லாதவள் நான், மகள் கல்லூரியில் படிக்கிறாள், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அந்த ஒரு நிமிடத்தில் நூறு நியாயங்கள் ஓடின. அவர்கள் என் சோபாவில் ஜோடியாக உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். "கிரேஸ்..." என்றாள்.

"அந்தச் சேவியரண்ணன் இருக்காரே" என்று நான் தொடங்கினேன். நிறுத்தவே இல்லை. அண்ணனைத் திட்டினேன், தோழியைத் திட்டினேன், இரத்த பாசம் எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று திட்டினேன். பேச்சை நிறுத்தினால் கேட்டுவிடுவாள் என்று பயந்து, காப்பி போடும்போதும் சமையலறையிலிருந்து கத்திக் கத்திப் பேசினேன். அவள் அரை டம்ளரை மெதுவாகக் குடித்து முடித்தாள். "சரிளா, வாரோம். நீயும் களைச்சிருப்ப" என்று எழுந்தாள். என் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். வெளிக்கதவருகில் ஜெரோம் அண்ணனின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் நான்தான் காரில் கூட்டிப் போவேன். ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு நாளுக்கொரு காரணம் கிடைத்துக்கொண்டிருந்தது. மகளின் பரீட்சை முடியட்டும், மழைக்காலம் போகட்டும். ஏழாவது மாதம் டாக்டர், இனி இதயம் தாங்காது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கட்டிலருகே உட்கார்ந்து, "ஸ்டெல்லா, நான் தாரேன். என்னோடத எடுத்துக்கோ" என்றேன். வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகு வாய் எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது!

அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "இப்பயாவது வாயத் தொறந்தியே" என்றாள். கோபமே இல்லை. "அன்னைக்கு என்னா பேச்சு பேசின! ஆட்டோவுல இவரு கேட்டாரு, கிரேஸுக்கு என்னாச்சுன்னு. பாவம், பயந்துட்டா, விடுங்கன்னேன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் விரலுக்கடியில் அந்த உறுமல் மிகவும் மெலிந்துவிட்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என் அழுகையைக் கேட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

அடக்கத்தன்று சேவியரண்ணன் சவப்பெட்டியின்மேல் விழுந்து, "மவ கல்யாணத்தப் பாக்காமப் போறியேளா" என்று கதறினார். ரோஸி சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். வடிவு தன் மாத்திரை டப்பாவோடுதான் வந்திருந்தாள், தாளில் ஸ்டெல்லாவின் கையெழுத்தோடு. உங்கள் மூன்று பேருக்கும் சொல்கிறேன். அவள் உங்களிடம் மறைக்கவில்லை. கேட்க வந்தாள், நீங்கள் காட்டிய பாசத்தின் முன்னால் கேட்க முடியாமல் திரும்பினாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று உங்களில் யாருக்கும் தெரியாது. உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நான்கு வீடுகளில் விஷயம் தெரிந்திருந்த வீடு என்னுடையது ஒன்றுதான். ஸ்டெல்லா, இந்த எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டேன். தப்பு எங்கே என்று எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவள் நினைவாக என்னிடம் இருப்பது எது என்று சொல்லி முடிக்க வேண்டும். மக்ரூன் பெட்டி இருக்கிறது. மகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டாள், காலிப் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. ஸ்டெல்லாவின் மேஜையிலிருந்து எடுத்து வந்த அடிக்கோல் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் பரிசோதனை செய்து பார்த்தேன். விலா எலும்புக்குக் கீழே, முதுகுப் பக்கம், அவளுக்குப் போயிருக்க வேண்டிய ஒன்று, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக வேலை செய்கிறதாம்.